ஒத்த விரலுக்கு மூணு பங்காளி

உக்காருங்க, எல்லாரும் அப்படியே உக்காருங்க. ரயில்வே கேட்டப் போட்டாச்சு, பஸ்ஸு இப்ப நகராது. இனி கூட்ஸ் வண்டி வரணும், போகணும், கேட்கீப்பருக்கு மனசு எறங்கணும். ஏ சன்னலோரத்து அக்கா, மருமகளப் பத்தின செய்திய அப்புறம் வாசிக்கலாம், செத்த பேச்ச நிறுத்துங்க. நம்ம டிரைவர் சுடலக்கண்ணு அண்ணனப் பாருங்க. இந்த ரூட்டுக்கு வந்ததுல இருந்து அவரு பேசுனதவிட ஹாரன் பேசுனதுதான் அதிகம். அந்த மாதிரி இருங்க. ஒரு கத சொல்லுதேன், கடைசியில ஒரு கேள்வி. டிக்கெட் எடுத்த அத்தன பேரும் பதில் சொல்லணும்.

இதே மாதிரி ஒரு தீப்பெட்டி ஊரு, இதே மாதிரி ஒரு ரயில்வே கேட்டு. அந்த ஊரு எம்.பி. வேலாயுதப்பெருமாள். தங்கமான மனுசன். மைக்க மட்டும் முன்னால வச்சிரக்கூடாது. வணக்கம் சொல்லி முடிக்கதுக்குள்ள சட்ட நனைஞ்சிரும். டெல்லியில அவரு கட்சி ஆளுங்கட்சியோட கூட்டணி.

பட்ஜெட் அன்னிக்கு மந்திரி இங்கிலீசுல வாசிக்காரு. காதுல மாட்டுனா தமிழ்ல சொல்லுத மிசின் ஒண்ணு இருக்கு. பெருமாளுக்கு அது காத அமுக்குதுன்னு கழட்டி வச்சிட்டாரு. முன்வரிசைக்காரன் மேசையத் தட்டுனா நாமளும் தட்டணும், இதுக்கு எதுக்கு மிசினு? டப் டப் டப். நடுவுல திடீர்னு அவரு ஊரு பேரு கேட்டுச்சு. ரயில்வே கேட்டுக்கு மேல பாலம். அவரு கெஞ்சிக் கெஞ்சி வாங்கின பாலம். கை செவக்கத் தட்டுனாரு. அந்தச் சந்தோசத்துல நிறுத்தாம அடுத்ததுக்கும் சேத்துத் தட்டிட்டாரு. அடுத்தது என்ன? வெளிநாட்டு லைட்டருக்கு வரியக் கொறச்சது. தீப்பெட்டி ஊரு எம்.பி. லைட்டருக்குத் தாளம் போடுதாரு, டிவில ஊரே பாக்கு.

இது எதுவும் தெரியாம, பாலத்துக்கு மால போடுவாகன்னு பெருமாளு ஊருக்கு வாராரு. கேட்டுக்கிட்ட வந்ததும் கார் நின்னுச்சு. கூட்ஸ் வந்துச்சு. வந்து, தண்டவாளத்த மறிச்சு அதுவும் நின்னுச்சு. முன்னால ரயிலு, பின்னால மணல் லாரி. இடது கண்ணாடிய யாரோ தட்டுதாக. டப் டப் டப். கூடப் பெறந்த அக்கா ஆவுடத்தாய், பின்னால தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்குற பொம்பளைக அத்தன பேரும்.

"மேசையவாடா தட்டுன? எங்க வயித்துல தட்டிட்டு வந்து நிக்க. பெட்டி ஒட்டித்தான ஒன்னயப் படிக்க வச்சேன். இந்தத் தொழிலுக்கு ஒரு கெடுதல் வர விடமாட்டேன்னு எரியுற குச்சியக் கையில பிடிச்சிச் சத்தியம் பண்ணுன. நாங்க விரல்ல மை வச்சதுனாலதான் ஒன் விரலு டெல்லிக்குப் போச்சு. அது சிவப்பத்தான் அமுக்கணும்."

அங்க ஓட்டெடுப்புன்னா பட்டன் அமுக்கணும். பட்ஜெட் வேணும்னா பச்ச, வேண்டாம்னா சிவப்பு. ஆட்சியே ரெண்டு மூணு ஓட்டு கூடுதலாத்தான் நிக்கு.

வலது கண்ணாடில ஆட்டோக்கார மைக்கேல்ராசு, இடுப்புல கைப்பிள்ள. "அண்ணாச்சி, இந்தக் கேட்டுல மாட்டி, ஆட்டோவுக்குள்ளயேதான் எம்பொண்டாட்டிக்கு இவ பெறந்தா. ரெண்டு பேரும் பொழச்சதே பெரிய காரியம். பாலம் வரும்னு இவ தலையில கை வச்சிச் சொன்னிய. நீங்க சிவப்ப அமுக்கி பட்ஜெட்டு விழுந்தா பாலமும் விழுந்துரும். பச்சயத்தான் அமுக்கணும்."

பெருமாளு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாக்காரு. அக்கா சொல்லுததும் நெசம், மைக்கேல் சொல்லுததும் நெசம். பாலத்த மட்டும் வச்சிக்கிட்டு லைட்டர மட்டும் தள்ளிவிட ஒரு பட்டன் கெடையாது. ரெண்டு கண்ணாடியயும் ஏத்தினாரு. உள்ள புழுங்குது. எறங்கி ஓடலாம்னா எந்தக் கதவத் தொறக்க?

அப்பப் பாத்து போன். கட்சித் தலைவரு. அவரு குரலு எப்படித் தெரியுமா, மூக்குல பஞ்சு வச்ச மாதிரி. "ஙெருமாளு, செவ்வாக்கெழம ஓட்டெடுப்பு. கொறடா உத்தரவு போட்டாச்சு. ஒன் விரலு பச்சயில இல்லன்னா பதவியும் இல்ல, கட்சியும் இல்ல. சீட்டு குடுத்தது நானு, நெனப்பிருக்கட்டும். பெறகு, திங்கக்கெழம பட்ஜெட்டு மேல பேச நமக்கு அஞ்சு நிமிசம் ஒதுக்கியிருக்காங்க. தமிழ்லயே பேசலாம். போன வருசம் ஊதுபத்தி ஊரு எம்.பி. பேசப்போயித்தான மந்திரி ஊதுபத்தி வரிய மாத்துனாரு. நீ பேசுதியா?"

"எனக்குத் தொண்ட கட்டியிருக்கு தலைவரே. பக்கத்து சீட்டுக்காரருக்குக் குடுத்துருங்க. நானே இங்க விரல எங்க வைக்கதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

அம்புட்டுதான் கத. பச்சய அமுக்குனா அக்கா மொகத்துல முழிக்க முடியாது. சிவப்ப அமுக்குனா பதவியும் போச்சு, பாலமும் போச்சு. எதையும் அமுக்காம இருந்தாலும் கொறடா விடமாட்டாரு, சத்தியமும் நிக்காது. இப்பச் சொல்லுங்க. சீட்டு குடுத்த தலைவரு, படிக்க வச்ச அக்கா, பிள்ளையோட நிக்க மைக்கேல்ராசு. அந்த ஒத்த விரலு யாருக்குச் சொந்தம்?

சன்னலோரத்து அக்கா ஆவுடத்தாய்க்குங்காக. சரி. பின்சீட்டு பூக்கார மதினி, தொழிலு போனா வேற பொழப்பு பாக்கலாம், உசுரு போனா வராது, மைக்கேலுக்குத்தான்ங்காக. அதுவும் சரி. வேற யாரு? அட, நம்ம சுடலக்கண்ணு அண்ணன் கண்ணாடி வழியா என்னயவே பாக்காரு. என்னண்ணே, ஹாரன் அடிக்கணுமா?

"கொறடா உத்தரவு விரலுக்குத்தான போட்டாங்க, வாய்க்கு இல்லயே. விரல ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தாங்க, சரி. அந்த அஞ்சு நிமிசத்த ஒருத்தரும் பிடுங்கல. அது அவருக்கே சொந்தமா இருந்துச்சு, அதத் தூக்கி அடுத்தவனுக்குக் குடுத்துட்டு விரலப் பாத்து அழுதா எப்படி? ஒன் வாயில கால்வாசி அந்தாளுக்கு இருந்தாப் போதும், லைட்டரு போயிருக்கும், பாலம் நின்னுருக்கும். கேட்டு தொறந்தாச்சு. விசில ஊது."