பதினாலு டப்பா

பூவராகனுக்கு மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை. போன தடவை பத்தொன்பது ஓட்டில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி கைநழுவிப் போனது. இந்தத் தடவை அவர்தான் ஜெயிப்பார் என்று ஊரே சொல்கிறது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

போட்டியிலிருந்து விலக அன்று மூன்று மணி வரைக்கும்தான் நேரம். காலையிலேயே மடத்துக்கு ஓடினார். குரு தில்லைநாயகி அம்மா அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் அவர் சொல்லாமல் பூவராகன் உட்கார மாட்டார்.

தேர்தல் நோட்டீஸை நீட்டினார். நேர்மை, எளிமை, எல்லோரும் சமம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“இதெல்லாம் நெசமாவே எங்கிட்ட இருக்காம்மா? இல்லைன்னு நீங்க சொல்லிட்டா இப்பவே விலகிடுறேன்.”

அம்மா நோட்டீஸைத் தொடவில்லை. மடத்துக் கோதுமை டப்பாவை எடுத்துக் கொடுத்து, அரைத்து வரச் சொன்னார். இந்த நேரத்திலா மாவு என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே பூவராகன் வண்டியை எடுத்தார்.

அந்த ஊர் மாவு மில்லில் ஒரு வழக்கம் உண்டு. டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு ஜனங்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் டப்பாவுக்கு அதன் முறை வரும்.

கால் மணி நேரத்தில் மனுஷர் திரும்பிவிட்டார். மாவு இன்னும் சுட்டது. முகத்தில் ஒரு தெம்பு. வருங்காலத் தலைவர் காத்திருக்கலாமா என்று மில்காரர் அவர் டப்பாவைத்தான் முதலில் எடுத்தாராம். தனக்கு ஊரில் இருக்கும் மரியாதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியிருப்பார். அம்மா குறுக்கிட்டார்.

“உங்களுக்கு முன்னால எத்தனை டப்பா இருந்துச்சு?”

“பதினாலு இருக்கும்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்றதுக்கு அங்க ஆளே இல்லையேம்மா. வெறும் டப்பாதானே.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“ஏதோ அவசரத்துல செஞ்சுட்டேம்மா. பஞ்சாயத்து ஆபீஸ்ல உக்காந்தா இப்படிச் செய்வேனா?”

“அங்கயும் ஆளு இருக்க மாட்டாங்க, பூவராகன். மேஜை மேல அவங்க குடுத்த மனுதான் இருக்கும்.”