ஒச்சம்மா வீட்டுச் சன்னல்

ஊங் கொட்டுறவங்களுக்குத்தான் கத. கொட்டாதவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரு, நடுவுல கொறட்ட விட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும்.

மலைக்கு இந்தப் பக்கமா ஒரு ஊரு இருந்துச்சாம், அந்த ஊர்ல ஒச்சம்மா ஒச்சம்மான்னு ஒரு பொம்பள இருந்தாளாம். புருசன் போய்ச் சேந்துட்டான். ஒரே மக, பேரு சிலம்பாயி. அவளக் கட்டிக்குடுத்து, அவ மாசமாகி, மாமியா வீட்லயே தலப்புள்ளயப் பெத்தா. அப்பப் பாத்து அடமழ. அந்த வீட்டுச் சன்னலு சாத்தவே சாத்தாது. பச்ச உடம்புல ஈரக்காத்துப் பட்டா என்னத்துக்கு ஆகும்? தாயி பொழச்சா, புள்ள பொழைக்கல. ஏய், அழுகாத, கததான இது.

பெறகு சிலம்பாயி மறுபடியும் மாசமானா. "இந்தத் தடவ பேறுகாலம் எங்க வீட்லதான். ஒரு பொட்டுக் காத்து எம்மக மேல படக்கூடாது"ன்னு ஒச்சம்மா மண்ணுல ஒரு புது அறை கட்டுனா. புருசன் வச்ச தேக்கு ஒண்ணு கொல்லையில நின்னுச்சு. அத வெட்டி, நல்லாக் காய வச்சு, குப்பாண்டி ஆசாரிகிட்டக் குடுத்து, "இதுல ஒரு சன்னல் செஞ்சு வச்சுக் குடுப்பா, கூலிக்கு நான் வளத்த கெடாயப் பிடிச்சுக்க"ன்னா.

குப்பாண்டி வாயத் தொறந்தா தேனா ஒழுகும். "தாயி, ஒங்க மக எனக்குத் தங்கச்சி மாதிரி. என் வீட்டு வேலையாட்டம் செஞ்சு தாரேன்"னான். என்னயக் கேட்டா, எவன் வாயி ரொம்ப இனிக்குதோ அவன் கையத்தான் உத்துப் பாக்கணும்.

சன்னல் வந்துச்சு. எப்படி வந்துச்சு? ஒத்த ஆளா, ஒத்தத் தோள்ல வச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே தூக்கிட்டு வாரான். ஒச்சம்மாவுக்குச் சுருக்குன்னுச்சு.

"ஏ ஆசாரி, எங்க மரத்த வண்டியில ஏத்த ஆம்பளைக முக்குனாங்களே, ஒனக்கு மட்டும் கனக்கலையா?"

"காஞ்ச தேக்கு கனக்காது தாயி."

"நெறம் ஏன் இப்படி அப்புன மாதிரி இருக்கு?"

"கரையான் வராம இருக்கச் செம்மண்ணும் வேப்பெண்ணையும் பூசியிருக்கேன் தாயி."

"தேக்கு வாசமே இல்லையேப்பா?"

"வேப்பெண்ண வாசம் அமுக்கிருச்சு தாயி."

கேக்கக் கேக்க டக்கு டக்குன்னு பதில் வருது பாரு! உண்மையச் சொல்றவன் கொஞ்சமாச்சும் யோசிப்பான்ல? ஒச்சம்மா நம்பல. ஆனா கையில ஆதாரமில்லாம என்னன்னு சண்ட போடுவா?

சன்னல வச்சுட்டுக் கெடாய ஓட்டிட்டுப் போயிட்டான். மொத மழ பேஞ்சுச்சு. சன்னல் கதவு ரெண்டும் கோணிக்கிச்சு. ஒண்ணு தெக்க இழுக்குது, ஒண்ணு வடக்க இழுக்குது, நடுவுல பூன போயிட்டு வரலாம்.

ஒச்சம்மா ஓடுனா. "புது மரம் தாயி, புது மருமக மாதிரி. கொஞ்ச நாளு முறுக்கும், அப்பறம் பழகிரும்"னான். பழகல. மறுபடியும் ஓடுனா. "சன்னல்ல குத்தமில்ல, ஒங்க சுவருதான் கோணல்"னான். மூணாவது தடவையும் ஓடுனா. கதவக்கூடத் தொறக்காம உள்ள இருந்தே, "காத்து தப்பான பக்கமா வீசுனா அதுக்கு நானா பொறுப்பு?"ன்னு கேட்டான். நெஞ்சழுத்தத்தப் பாரேன் அவனுக்கு!

வீட்டுக்கு வந்தா சிலம்பாயி வயித்தப் பிடிச்சுக்கிட்டு அந்தக் கதவிடுக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. "ஆத்தா, அதே காத்துதான் வருது ஆத்தா"ன்னு ஒரே அழுக.

வெளிப்பக்கமா நின்னு சாக்கத் திணிச்சாவது அடைப்போம்னு விடிஞ்சதும் ஒச்சம்மா போனா. போயிப் பாத்தா, சட்டத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல பச்சப் பசேல்னு துளுத்து நிக்குது. கிள்ளி மோந்து பாத்தா. என்னது? முருங்க! முருங்கக் கம்பு ஈரம் பட்டா எங்கயும் துளுக்கும்ல? அந்தப் பய பச்ச முருங்கைய அறுத்து, சுவத்துக்குள்ள போற பக்கம் பட்டையக்கூடச் சீவாம வச்சிருக்கான். முருங்க பருத்தாத் தூணாகுமா? சன்னல்தான் ஆகுமா?

வேற யாராவதா இருந்தா அப்பவே ஊரக் கூட்டியிருப்பாக. ஒச்சம்மா வாயத் தொறக்கலையே! 'ஆசாரிகிட்டக் காட்டுனா துளுர எல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, நீதான் சொருகி வச்சன்னு எம்மேலயே பழியப் போடுவான்'னு நெனச்சா. பாதிய விட்டு வச்சுட்டு, பாதியப் பறிச்சு, தேங்காயும் வெங்காயமும் போட்டுக் கீரை வதக்கி, சோத்தோட சட்டியில கட்டிக்கிட்டு நேரா ராசாகிட்டப் போயிட்டா.

ராசா குப்பாண்டியக் கூப்பிட்டு விட்டாரு. "தேக்கு ராசா, சுத்தமான தேக்கு"ன்னு அவன் தலையிலடிச்சுச் சத்தியம் பண்றான்.

"ராசா, வழக்க அப்பறம் பேசுவோம், மொதல்ல பசியாறுங்க"ன்னு ஒச்சம்மா சட்டியத் தொறந்தா. ராசா சந்தேகப் பேர்வழி. 'வழக்குக்கு வந்தவ எதுக்குச் சோறு போடுறா?'ன்னு மூக்கச் சுளிச்சாரு. "ஏ ஆசாரி, மொதல்ல நீ தின்னு"ன்னாரு.

குப்பாண்டிக்கும் பயம்தான். ஒச்சம்மா மொகத்தப் பாக்குறான், கீரையப் பாக்குறான், மறுபடி மொகத்தப் பாக்குறான். ஆனா வாசம் விடலையே! ஒரு வாய் வச்சான், அடுத்த வாய் வச்சான், அப்பறம் சட்டியவே வழிக்க ஆரம்பிச்சுட்டான்.

"ஆகா! முருங்கக்கீரைன்னா இதுல்ல முருங்கக்கீரை! எந்த மரத்துல தாயி பறிச்சீக?"

"நீ வச்ச தேக்கு சன்னல்லதான் பறிச்சேன்."

பொசுக்குன்னு சட்டியக் கீழ வச்சுட்டான்.

"பொய் ராசா, பக்கத்து வீட்டு மரத்துல பறிச்சிருப்பா!"ன்னான். ராசா எந்திரிச்சு, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு நேரா ஒச்சம்மா வீட்டுக்கே நடந்தாரு. சன்னல்ல மிச்சத் துளுரு காத்துக்குத் தலையாட்டிக்கிட்டு நிக்குது.

அப்பவும் ஒத்துக்கிட்டானா? "ராசா, நான் வச்சப்பத் தேக்குதான். வேதாளம் வந்து குடியேறி முருங்கையா மாத்திருச்சு"ங்குறான்!

ராசா அவன் வீட்டுக்கு ஆள விட்டாரு. அங்க பாத்தா, ஒச்சம்மா புருசன் வச்ச தேக்கு, குப்பாண்டி வீட்டுச் சன்னலா சிங்காரமா நிக்குது.

"சரிப்பா, வேதாளந்தான்னு வச்சுக்குவோம்"னாரு ராசா. "தேக்கு சன்னலப் பேத்துக் கொண்டாந்து இங்க வையி. கெடாயையும் ஓட்டிட்டு வா. ஒன் வேதாளத்த ஒன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயி அங்க மாட்டு. நான் சொல்ற வரைக்கும் அந்தச் சன்னலக் கழட்டக் கூடாது."

பொழுது சாயுறதுக்குள்ள சன்னல் மாறிருச்சு. சாத்துனா டப்புன்னு சாத்துச்சு. மறுநாளே சிலம்பாயிக்கு வலி கண்டுச்சு. வெளிய ஊளையிட்டு மழ பெய்யிது, உள்ள வெளக்குச் சுடரு அசையல. கொழுகொழுன்னு ஒரு பொம்பளப்புள்ள பொறந்து, வீலுன்னு கத்துச்சு. அந்தச் சத்தத்தக் கேட்டு ஒச்சம்மா செவுத்துல சாஞ்சு ஓன்னு அழுதா.

குப்பாண்டி கதி என்னாச்சுன்னு கேக்கலையே? முருங்க இருந்தாக் கம்பளிப்பூச்சி வராம இருக்குமா? பாயில கம்பளிப்பூச்சி, சோத்துல கம்பளிப்பூச்சி, தலப்பாவுக்குள்ள கம்பளிப்பூச்சி. பொண்டாட்டி வெளக்கமாத்த எடுத்தது பூச்சிய அடிக்கவா புருசன அடிக்கவான்னு ஊருக்கே தெரியல.

ஒச்சம்மா பேத்திக்குத் தொட்டிலு கட்டுனா, குப்பாண்டி தடிப்புக்கு எண்ண தடவுனான். கை செஞ்ச தப்ப வாயி வச்சு அடைக்க முடியாதுடா. கத அம்புட்டுத்தான், போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுப் படுங்க.