பின்கயிறு

கணவாய்க்குக் கீழே ஒரு மடம் இருந்தது. அதில் சாமி சிலை கிடையாது. குதிரைகள் இருந்தன. மழைக்காலத்தில் மாட்டுவண்டி ஏறாத மலையூர்களுக்கு அரிசியும் உப்பும் சுமந்து போகிற மட்டக்குதிரைகள். அவை போய்ச் சேர்ந்தால்தான் மேலே உலை கொதிக்கும்.

மடத்தை நடத்தியவள் உலகம்மை. ஊருக்கெல்லாம் அம்மை. அவளிடம் சீடனாக இருந்த பூதத்தான் அவளைவிட வயதில் மூத்தவன். ஒரு பாளையத்துப் படையில் குதிரை லாயம் காத்தவன். பாளையம் அழிந்த பிறகு, போக்கிடம் தெரியாமல் வந்து மடத்து வாசலில் நின்றவன்.

"என்ன தெரியும்?" என்று அன்றைக்கு அம்மை கேட்டாள்.

"குதிரை தெரியும்."

"மத்தது?"

"ஒண்ணும் தெரியாது."

"அப்படியானா இரும்" என்றாள். இருந்துவிட்டான்.

அந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே காட்டிலிருந்து சிறுத்தை இறங்கியது.

குதிரைகள் அப்போது முள்வேலி போட்ட திறந்த பட்டியில் நின்றன. விடியும்போது பூதத்தான் கொள்ளுப் பானையைத் தூக்கிக்கொண்டு போனான். செவலை என்ற பெட்டைக்குதிரையின் போன வருஷத்துக் குட்டி அதன் இடத்தில் இல்லை. கயிறு இருந்தது. கயிற்றின் நுனியில் ஒரு கால் இருந்தது. தாய்க்குதிரை அதைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. கனைக்கவில்லை.

பானை எப்போது கையிலிருந்து விழுந்ததென்று அவனுக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் போனது. இலை விழுந்தால் எழுந்து உட்கார்ந்தான். பகலில் நடக்கும்போதுகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஒரு தடியை எடுத்தவன் அதைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் அது மடியில் கிடந்தது.

மடத்துச் சமையல்காரன் சங்கிலிக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"பேரு பூதத்தான். அடுப்படியில எலி ஓடினா ஆளு நடுங்குதாரு. பேரையாவது மாத்தி வையும் அண்ணாச்சி."

"செவலை மறுபடியும் சினையா இருக்கு சங்கிலி. நிறைமாசம்."

சங்கிலி கரண்டியைப் பானைக்குள் விட்டுக் கிண்டினான். அதற்கு மேல் கேலி வரவில்லை.

பூதத்தான் அம்மையிடம் போனான். அவள் கிழிந்த அரிசிச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளும்."

"குதிரையை உள்ளே கட்டணுமா, வெளியே கட்டணுமா?"

"பாளையத்தில் எப்படிக் கட்டினீர்?"

"வெட்டவெளியில், வரிசையா. கழுத்துக்கு ஒரு கயிறு, பின்னங்காலுக்கு ஒரு கயிறு. ரெண்டுக்கும் தனித்தனி முளைக்குச்சி. வெடிச்சத்தத்துக்கு மிரண்டு ஒண்ணு ஓடினா எல்லாம் பின்னாலேயே ஓடும். படை கலைஞ்சுபோகும். அதுக்காக."

"இங்கே?"

"இங்கேயும் அப்படித்தான். பழகின கை."

அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சிறுத்தை வந்தப்போ குட்டி ஓடலையா?"

"எப்படி அம்மா ஓடும்? கட்டியிருந்ததே."

சொல்லிவிட்டு, அவள் பதிலுக்காக அவன் காத்திருந்தான். அம்மை அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த சாக்கை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"வெளியே ஆகாது அம்மா" என்றான் அவனே. "கல்லுச் சுவர் எழுப்பி ஒரு கொட்டில் கட்டிடுதேன். கதவு போட்டு."

"கட்டும்."

"வேண்டாம்னு சொல்வீங்கன்னு நினைச்சேன்."

"உமக்குப் பயமா இருக்கே" என்றாள் அம்மை.

ஓடைக் கல்லைச் சுமந்து சுமந்து அவன் தோள் காய்த்துப்போனது. சுவர் அவன் தலைக்கு மேல் உயர்ந்தது. உள்ளே குதிரைக்கு ஒரு அறையாகத் தடுத்தான். ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படாது. மேலே பனையோலை வேய்ந்தான். ஜன்னல் வைக்கவில்லை.

"காத்துக்கு ஒரு ஓட்டையாவது விடும் அண்ணாச்சி" என்றான் சங்கிலி.

"அது வழியா கை விடும்."

எது என்று சங்கிலி கேட்கவில்லை.

கதவு வேங்கைப் பலகை. அதில் இரும்புத் தாழ்ப்பாள். எல்லாம் முடிந்ததும் அம்மையைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினான். அவள் சுவரைத் தடவிப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

"வெளிப்பக்கம்தான் அம்மா. குதிரை எப்படித் தாழ் போடும்?"

சங்கிலி சிரித்தான். பூதத்தானும் சிரித்தான். குட்டி போன பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். அம்மை சிரிக்கவில்லை.

குதிரைகளை உள்ளே கொண்டுபோய், முன்கயிறும் பின்கயிறும் போட்டுக் கட்டினான். கதவைச் சாத்தித் தாழிட்டான். வெளியே நெருப்பு மூட்டி, கதவில் முதுகைச் சாய்த்துத் தடியோடு உட்கார்ந்தான். தினமும் அப்படித்தான்.

ஆனால் குதிரைகள் தேறவில்லை. கொள்ளு பாதிக்கு மேல் மிஞ்சியது. கருப்பி தடுப்புப் பலகையைக் கடித்துக் கடித்து உதட்டைக் கிழித்துக்கொண்டது. செவலைக்கு மழைக்குளிரிலும் கழுத்தெல்லாம் வேர்த்தது. கண் சிவந்து கிடந்தது. படுத்து எழுந்த குதிரையின் விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கும். காலையில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எதிலும் ஒரு துரும்பு ஒட்டவில்லை.

"படுக்கவே மாட்டேங்குதுங்க அம்மா. புது இடம். பழகிடும்னு நினைக்கேன்."

"நீர் படுக்கிறீரா?"

"நான் எப்படிப் படுப்பேன்? காவல் இருக்கேனே."

"அதுங்களுக்குத் தெரியுமா?"

"எது?"

"நீர் வெளியே இருக்கிறது."

"கதவு மூடியிருக்கே அம்மா" என்றான்.

அம்மை தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பூதத்தான் கிணற்றடியில் இருந்தான். வெளியே வந்த சங்கிலி விளக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.  கை மட்டும் மேலே காட்டியது.

கொட்டிலின் கூரையில் சிறுத்தை படுத்திருந்தது. சொந்த வீட்டு மாடியில் காற்று வாங்குகிறவனைப்போல.

உள்ளே ஒரு குதிரை அலறியது. குதிரை அப்படி அலறிப் பூதத்தான் போர்க்களத்தில்தான் கேட்டிருக்கிறான். பிறகு எல்லாம் அலறின. குளம்புகள் கல்லுச் சுவரில் மோதின. சிறுத்தை எழுந்து நின்று, ஓலையை ஒரு கையால் இழுத்துப் பார்த்தது. ஓலை வந்தது.

பூதத்தான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் பிடித்தான். இழுக்கவில்லை. விடவும் இல்லை.

"கொள்ளி எடுத்துட்டு வா சங்கிலி!" என்று கத்தினான். சங்கிலி எரிகிற கட்டையோடு ஓடி வந்தான். "வேண்டாம், வேண்டாம், கூரை ஓலைடா! உள்ளே குதிரை!" என்று அதே மூச்சில் கத்தினான். சங்கிலி கட்டையை ஈரத்தில் போட்டுவிட்டு அழுதான்.

அம்மை வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள்.

"கதவைத் திறவும்."

"திறந்தா அது உள்ளே வந்திடும் அம்மா."

"வரலாம்."

"குதிரை வெளியே ஓடினா பாய்ஞ்சு ஒண்ணை அடிச்சிடும்."

"அடிக்கலாம்."

"அப்போ எப்படி அம்மா?"

"அது கூரையைப் பிரிக்குது. கதவைத் திறவும்."

திறந்தான். கதவை அம்மை பிடித்துக்கொண்டாள். உள்ளேயிருந்து சூடான மூச்சும் வேர்வை நாற்றமும் வந்தன. குதிரை ஒன்றுகூட வரவில்லை.

"ஏன் வரலை?" என்று கேட்டாள்.

பூதத்தான் தன் கைகளைப் பார்த்தான்.

"கட்டியிருக்கேன்."

"அவிழ்த்துவிடும்."

"அம்மா, என்னால... நீங்க..."

"முடிச்சு உம்முடையது. எனக்கு அவிழ்க்கத் தெரியாது."

அவன் உள்ளே போனான்.

பின்கயிற்றை அவிழ்க்க வேண்டுமென்றால் மிரண்ட குதிரையின் பின்னால் குனிய வேண்டும். கழுத்தில் ஓலைத்தூசி கொட்டியது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை ஓடாதென்று தெரியும். முதலில் ஒற்றைக்கண்ணன். கண் போன கிழட்டுக் குதிரை. இனிமேல் சுமைக்கு ஆகாதென்று பூதத்தானே ஒதுக்கி வைத்திருந்தது. அதை அவிழ்த்தான். அது ஓடவில்லை. நடைவழியில் வந்து நின்றது. கருப்பியை அவிழ்த்தான். அதுவும் வந்து அதன் பக்கத்தில் நின்றது. இப்படி ஒவ்வொன்றாக.

கடைசியில் செவலை. அது இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்தான். அப்போது தலைக்கு மேலே ஓலை பிளந்து ஒரு கை உள்ளே இறங்கியது. காற்றைத் துழாவியது. இருட்டில் பண்டம் தேடுகிற கை மாதிரி, நிதானமாக.

செவலையின் வயிறு அவன் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. அதற்குள்ளே ஒன்று உதைத்தது.

முடிச்சு விட்டது.

ஒன்றும் முந்தவில்லை, ஒன்றும் பிந்தவில்லை. எல்லாக் குதிரைகளும் ஒரே உடம்பாகக் கிளம்பின. பூதத்தான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். கூரை ஒருமுறை அதிர்ந்தது. வெளியே எதுவோ குதித்தது. அப்புறம் குளம்புச் சத்தம் தேய்ந்தது. தூறல் மட்டும் கேட்டது.

அம்மை கதவைப் பிடித்தபடியே நின்றிருந்தாள்.

"செவலை?" என்றான்.

"போயாச்சு."

"அது?"

"அதுவும்."

"அதே பக்கமா?"

"தெரியலை. விடியட்டும்."

விடிந்ததும் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் ஒரு காலை எதிர்பார்த்தான். அம்மை பின்னால் வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. 

தடம் ஆற்று மணலில் இறங்கியது. நாலு பக்கமும் மறைப்பே இல்லாத மணல்மேடு. அதன்மேல் குதிரைகள் கிடந்தன. காலை நீட்டி, கழுத்தை மணலில் போட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

பூதத்தான் தடியை ஊன்றினான். அப்படியே உட்கார்ந்தான்.

"எல்லாம் போச்சு அம்மா."

அம்மை அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "காதைப் பாரும்" என்றாள்.

ஒரு காது ஈயை ஓட்டியது. இன்னொன்றின் விலா ஏறி இறங்கியது. அவை தூங்கிக்கொண்டிருந்தன.

நடுவில் செவலை படுத்திருந்தது. அதன் வயிற்றோரம் ஈரம் காயாத ஒரு குட்டி, நாலு காலையும் நாலு திசைக்கு வைத்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒற்றைக்கண்ணன் மட்டும் நின்றது.

அக்கரைப் புதரிலிருந்து மரம் அறுக்கிற வாள்போல ஒரு சத்தம் வந்தது. சிறுத்தை. பூதத்தான் தடியை இறுக்கிப் பிடித்தான். ஒற்றைக்கண்ணன் காதை அந்தப் பக்கம் திருப்பியது. நல்ல கண்ணையும் திருப்பியது. அவ்வளவுதான். அது ஓடாததால் மற்றவை எழவில்லை.

வெகுநேரம் கழித்துக் கிழட்டுக் குதிரை முன்னங்காலை மடக்கியது. அதன் வயிறு மணலைத் தொடுவதற்கு முன்னால் கருப்பி எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. யாரும் எதையும் எழுப்பவில்லை. ஒற்றைக்கண்ணன் படுத்துக் கழுத்தை நீட்டியது.

பூதத்தான் அதைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். அக்கரையைப் பார்த்தான்.

"அம்மா, அது அங்கேயேதான் இருக்கு."

"இருக்கு."

"நாளைக்கும் வரும்."

"வரும்."

"அப்போ உள்ளே கட்டணுமா, வெளியே கட்டணுமா? நீங்க இன்னும் சொல்லலையே."

அம்மை எழுந்தாள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடியை வாங்கிக்கொண்டாள். அக்கரையைப் பார்க்கத் திரும்பி நின்றாள்.

"நான் நிற்கிறேன்" என்றாள். "நீர் படுத்துக்கொள்ளும்."