ஆயிரம் தாமரை அன்னம்

மோட்டார் கார் வந்த புதிதில் ராஜாக்களுக்குப் பிடித்த பைத்தியம் இருக்கிறதே, அதை ஏன் கேட்கிறீர்கள்! தும்பைக்கோட்டை ராஜா முத்துவிஜயர் ஒரு சீமைப் பத்திரிகையில் படம் பார்த்தார். பட்டணத்து வீதியில், பூவால் ஜோடித்த மோட்டார்கள் வரிசையாகப் போகின்றன. போதாதா?

"என் பிறந்தநாளுக்கு நம் மோட்டாரும் பூ அன்னமாக ஊர்வலம் போகணும்!" என்றார். அந்த வேலை அரண்மனை விகடகவி ஆவுடையப்பன் தலையில் விழுந்தது.

திவான் தாண்டவராயருக்கு ஆவுடையப்பனைக் கண்டாலே ஆகாது. "ஆயிரம் தாமரை வைக்கட்டும், மகாராஜா. நாலு வீதியும் சுற்றி, ஆயிரமும் அரண்மனை வாசலுக்கு வந்து சேரணும். ஒன்று குறைந்தாலும் இவன் மீசையை எடுத்துவிடணும்" என்று பற்ற வைத்தார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

ஆவுடையப்பன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். இருபது வருஷமாக எண்ணெய் போட்டு வளர்த்த மீசை ஐயா அது! அவன் பெண்டாட்டி அந்த மீசையைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கே சம்மதித்தாளாம்.

ஊர்வலத்தன்று அன்னம் ஜோராகக் கிளம்பியது. நடுவில் ராஜா உட்கார்ந்திருந்தார். பின்னாலேயே கோயில் யானை மரகதவல்லி. அன்று காலை அதற்குக் கவளமே கொடுக்கவிடாமல் பட்டினி போட்டிருந்தார் திவான். அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலத்தில் யானை தும்பிக்கை நீட்டி எதை எடுத்தாலும் பிள்ளையாரே எடுத்த மாதிரி; பாகன்கூடத் தடுக்கக்கூடாது.

அப்புறம் கேட்கணுமா? கிழக்கு வீதியில் அன்னத்துக்கு வால் போச்சு. தெற்கு வீதியில் இரண்டு இறக்கையும் போச்சு. மேற்கில் கழுத்து. வடக்கு வீதி முடிந்தபோது மிச்சம் இருந்தது மொட்டை மோட்டாரும், மடியில் ஒற்றைத் தாமரை இலையோடு ராஜாவும்தான்.

அரண்மனை வாசலில் நாவிதர் கத்தியோடு காத்திருந்தார். எல்லாம் திவான் ஏற்பாடு.

"ஆவுடையப்பா! என் அன்னம் எங்கேடா?" ராஜா கத்தினார்.

ஆவுடையப்பன் மரகதவல்லியைக் கைகாட்டிக் கும்பிட்டான். "இதோ, மகாராஜா! ஆயிரமும் நாலு வீதி சுற்றி வாசலுக்கு வந்தாச்சு. வழியில் வாகனம்தான் மாறிவிட்டது."

சிரிப்பை அடக்கியதில் ராஜாவுக்கு உதடு துடித்தது. திவான் விடுவாரா? "ஆயிரமும் உள்ளே இருக்கிறது என்று எப்படி நம்புவது? ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டணும்!"

"நியாயம்தான். நான் எண்ணினால் திவானுக்குச் சந்தேகம் வரும். அவரே எண்ணட்டும், மகாராஜா. கையில் ஒரு கூடையைக் கொடுத்து, நாளைக் காலை வரைக்கும் யானைக்குப் பின்னால் நிற்க வையுங்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் மோட்டாரே குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சேவகரைக் கூப்பிட்டார்.

"ஒரு கூடை எப்படிடா போதும்? திவானுக்கு நாலாகக் கொடு!"