மரியதாஸின் வாக்குமூலம்

"மரியதாஸ் பணம் வாங்கினது ஊருக்கே தெரியும் மேடம். அவனை உட்கார வச்சு வேற விசாரிக்கணுமா?"

கேட்டவர் அருணகிரி, பல்கலைக்கழகத்தில் துணைப் பதிவாளர். நாற்பது வயதுக்குமேல் மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவர். அங்கே அவருக்குப் பாடம் எடுத்த இந்திராணி அவரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் மனசுக்குள் ஏதாவது அரித்தால் அவரிடம்தான் வந்து நிற்பார்.

மரியதாஸ், தேர்வுப் பிரிவு எழுத்தர். தோற்ற மாணவர்களுக்கு மதிப்பெண்ணைத் திருத்தினான் என்று புகார். விசாரணை அதிகாரி அருணகிரி. ஆனால் விசாரணை தொடங்கும் முன்பே, அவனை வேலையை விட்டு நீக்கச் சொல்லும் அறிக்கை மேலிடத்திலிருந்து தட்டச்சாகி வந்துவிட்டது. இவர் கையெழுத்துதான் பாக்கி.

"கேளுங்க," என்றார் இந்திராணி.

"பொய்தான் சொல்வான்."

"கேளுங்க."

மூன்றாம் நாள் அருணகிரி திரும்பி வந்தார்.

"வாங்கினேன்னு ஒத்துக்கிட்டான் மேடம். ஆனா முக்கால்வாசி துணைவேந்தர் வீட்டுக்குப் போச்சுங்கிறான். தேதி தேதியாச் சொல்றான்."

"எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதி, கையெழுத்தும் வாங்கிட்டேன். அந்த மனுஷன் இப்படிப்பட்ட திருடன்னு..."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"துணைவேந்தர்கிட்டயா?"

"அவர் மேலயும் இப்ப குற்றச்சாட்டு இருக்கே சார்."

அருணகிரி ஓய்வு பெற இன்னும் பதினோரு மாதம்தான் இருந்தது. அன்று சாயங்காலம்வரை வெறும் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு விளக்கம் கேட்டு நாலு வரி எழுதி, தாமே கொண்டுபோய்த் துணைவேந்தர் அறையில் கொடுத்துவிட்டு வந்தார்.

விளக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் இரண்டு உத்தரவுகள் வந்தன.

மரியதாஸ் வேலைநீக்கம்.

அருணகிரி பணியிடை நீக்கம்.

சாயங்காலம் கல்லூரி திறந்ததும் நேரே இந்திராணியிடம் வந்தார். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். வயது சட்டென்று கூடிவிட்டதுபோல் இருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலை மேடம்."

இந்திராணி வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மணி அடித்தாகிவிட்டது. கையிலிருந்த புத்தகங்களை மேசையில் வைத்தார். அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிரே தானும் உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்," என்றார்.