தலைமை வார்டர் கேட்ட கேள்வி

"ஜெயில் ஆளைத் திருத்துதா, கெடுக்குதா? இந்த ஒண்ணை மட்டும் சொல்லுங்க தாயி. வேற எதுவும் வேண்டாம்."

கேட்டவர் தளவாய். முப்பத்தோரு வருஷம் சிறையில் வேலை பார்த்து, தலைமை வார்டராக ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு.

பதில் சொல்ல வேண்டியவள் வடிவம்மை. தாமிரபரணிக் கரையில் சின்னதாக ஒரு மடம் வைத்திருந்தாள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊரில் பாதிப் பேர் அவளை ஞானி என்றார்கள். மீதிப் பேர் பைத்தியம் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் அவள் மத்தியானச் சோறு போட்டாள்.

"எதுக்குக் கேக்கீங்க?" என்றாள்.

"சோறு இறங்கல தாயி. ஆடு திருடினவன் உள்ள வருவான். வெளிய போகும்போது பூட்டு உடைக்கப் படிச்சிருப்பான். பூட்டு உடைச்சவன் திரும்பி வருவான். அடுத்த தடவை போகும்போது கத்தி எடுக்கத் துணிஞ்சிருப்பான். உள்ள விட்டதும் நான்தான், வெளிய விட்டதும் நான்தான். முப்பத்தோரு வருஷம் எதுக்குக் காவல் நின்னேன்னு தெரியல."

"திருந்தினவன் ஒருத்தன்கூட இல்லையா?"

தளவாய் யோசித்தார்.

"இருப்பான். திருந்தினவன் திரும்பி வர மாட்டானே. அவனை நான் எங்க பார்க்க?"

வடிவம்மை எழுந்தாள். சோற்று வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பந்தி உக்காந்தாச்சு. பரிமாறுங்க."

தளவாய்க்கு எரிச்சலாக இருந்தது. கேள்வி கேட்க வந்தவனிடம் வாளியைக் கொடுக்கிறாளே. ஆனாலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

பதினைந்து பேர் இருந்தார்கள். பிச்சைக்காரர்கள், வழிப்போக்கர்கள், ஆற்றில் மணல் அள்ளுகிறவர்கள். இலை இலையாகச் சோறு வைத்துக்கொண்டு வந்தார்.

ஏழாவது இலையில் கை நின்றது.

ஐம்பதைத் தாண்டிய ஆள். நரைத்த தாடி. தலையைக் குனிந்திருந்தான். ஆனால் அந்தத் தோளை அவருக்குத் தெரியும். பேச்சிமுத்து. நாலு தடவை உள்ளே வந்தவன். கடைசியாக, வீடு புகுந்து ஒருவனைக் குத்தியதற்கு எட்டு வருஷம்.

தளவாயின் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே லத்தி இல்லை, துண்டுதான் இருந்தது.

"எந்திரிலே!"

வாளி குலுங்கியது. பந்தி முழுக்கக் கை நிறுத்தியது.

பேச்சிமுத்து துள்ளி எழுந்தான். கால்களை அகட்டினான். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தான். சோதனைக்கு நிற்கிறவன் மாதிரி, கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றான். யாரும் அவனை அப்படி நிற்கச் சொல்லவில்லை.

எழுந்த வேகத்தில் அவன் மடியிலிருந்து ஏதோ நழுவிக் கல்தரையில் விழுந்தது.

எவர்சில்வர் கரண்டி. காம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கியிருந்தது.

மணல் அள்ளுகிற ஒருவன் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"பாத்தீங்களா தாயி? இதைத்தான் சொன்னேன். இது உள்ள படிச்ச படிப்பு."

வடிவம்மை வந்தாள். கரண்டியைக் குனிந்து எடுத்தாள். கட்டைவிரலால் கூர் பார்த்தாள்.

"பத்து நாளா இதுலதான் எனக்குக் கீரை நறுக்கித் தாரான்" என்றாள். "உக்காரு பேச்சிமுத்து."

அவன் உட்காரவில்லை. தளவாயின் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க சொன்னாத்தான் உக்காருவான்" என்றாள் வடிவம்மை.

தளவாய் இடுப்புத் துண்டிலிருந்து கையை எடுத்தார்.

"உக்காரு" என்றார் தளவாய்.

உட்கார்ந்தான்.

வடிவம்மை அந்தக் கரண்டியைக் கொண்டுபோய், அவன் இலையில் உப்பு வைக்கிற ஓரத்தில் வைத்தாள். கூர்முனை தளவாயைப் பார்த்து இருந்தது.

"சோறு வைங்க. பசியோட இருக்கான்."

சோறு வைக்க வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் கழுத்து அவன் கைக்கு எட்டும். பந்தியில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குனிந்தார்.

ஒரு அகப்பை வைத்தார். அவன் கை கரண்டியின் மேல் போய் நின்றது. அந்தக் கையில் சுண்டுவிரல் வளைந்து, நிமிராமல் இருந்தது.

"இது உங்களுக்காகத் தீட்டினதுய்யா" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. மரியாதையாகவே சொன்னான். "எட்டு மாசம், தரையில வச்சுத் தேய்ச்சேன். உங்க ஊருக்குப் போற வழியில இங்க சாப்பிட இறங்கினேன்."

தளவாய் நிமிரவில்லை. நிமிர முடியவில்லை.

"நீ யாரைக் குத்தப் போறேன்னு தாயி கேட்டாவ. உங்களைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். முதல்ல இருந்து சொல்லுன்னாவ. முதல்ல இருந்துன்னா, நான் மொத மொத வந்த நாள்ல இருந்துதானே சொல்லணும்?"

"அன்னைக்கு என்ன?" என்றார் தளவாய்.

"பத்தொன்பது வயசு எனக்கு. சைக்கிள் திருடின கேசு. கேட்டுக்குள்ள வந்ததும் அழுதுட்டேன். நீங்க அப்ப வேலைக்குப் புதுசு. குழாயடிக்குக் கூட்டிட்டுப் போயி மூஞ்சி கழுவச் சொன்னீங்க. உங்க துண்டைக் குடுத்தீங்க. ஆறு மாசம் ஓடிரும் தம்பி, இங்க எவன்கூடயும் சேராதன்னீங்க."

தளவாய்க்கு அது நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"நாலாவது தடவை வந்தப்ப நீங்க தலைமை வார்டர். ஐயான்னு கூப்பிடலன்னு இந்த விரலைக் கதவிடுக்குல வச்சு நசுக்கினீங்க. அது வலிதான், போகட்டும். நசுக்கும்போது பக்கத்துல நின்னவர்கிட்ட மக கல்யாணத்துக்கு எந்த மண்டபம் பிடிக்கலாம்னு பேசிக்கிட்டு இருந்தீங்க. பேச்சுகூட நிக்கல."

அகப்பையிலிருந்து சோறு தரையில் உதிர்ந்தது.

"இதையெல்லாம் சொன்னதுல இருந்து பத்து நாளா நானும் தாயிகிட்ட, நீங்க இப்ப வெளிய கேட்ட இதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஜெயில் ஆளைத் திருத்துதா, கெடுக்குதான்னு."

பேச்சிமுத்து கரண்டியிலிருந்து கையை எடுத்தான். சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.

"நான் என்னைப் பத்திக் கேக்கலய்யா."