ஒட்ட ஒட்டக் கூடும் சத்தம்

"ரப்பர் ஒட்ட ஒட்டச் சத்தம் கூடுது அம்மிணி. இதென்ன கூத்து?"

காரை விட்டு இறங்கும்போதே கேட்டார் தண்டபாணி. அறுபதைத் தாண்டியவர். பாடம் கேட்க வந்ததோ, பாதி வயது ரஷீதாவிடம்.

கரூர் பைபாஸில் கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டி, லொடலொடப்பை அடக்கிக் கொடுப்பவள் அவள். "என் வண்டியில நான்தான் கை வெப்பேன். நீ சொல்லிக் குடு, போதும்" என்று மனுஷன் ஒரே பிடிவாதம். வேறு யாராவது என்றால் போய்யா என்றிருப்பாள்.

முதல் பாடம், ஆடுவதையெல்லாம் எடு. கண்ணாடியில் தொங்கிய பொம்மை போயிற்று. கார் சாவியோடு கிடந்த வீட்டுச் சாவிக் கொத்து சட்டைப்பைக்குப் போயிற்று.

அடுத்தது, காதை நம்பாதே, உள்ளங்கையை வை. கை வைத்ததும் எது அடங்குகிறதோ அதுதான் கள்ளன்.

அப்படியே தேடித் தேடிக் கதவு, டிக்கி, தரை என்று அதிர்வை அடக்கும் ரப்பர் ஷீட்டாக ஒட்டித் தள்ளிவிட்டார். வண்டி இப்போது பூனை மாதிரி ஓடியது.

"எந்தச் சத்தம்ணா?" என்று கேட்டாள் ரஷீதா.

"கிலுகிலுன்னு ஒண்ணு. பாட்டுக் கேக்கையில வருது."

ரஷீதாவே ஓட்டிப் பார்த்தாள். குண்டும் குழியுமான ரோட்டில் ஏற்றி இறக்கினாள். ஒன்றும் காணோம். ரேடியோவைப் போட்டாள். அதிலும் இல்லை.

"அதுல வராது. ஒரே ஒரு பாட்டுலதான்."

"அப்ப அதைப் போடுங்க."

தண்டபாணியின் முகம் சுருங்கிவிட்டது.

"என் சம்சாரம் சௌந்தரம் பாடினது. போன தையில போய்ச் சேந்துட்டா. இது ஒண்ணுதான் மிச்சம். யாருக்கும் போட்டுக் காட்டினதில்ல. ஒரு துளி சத்தம் கலக்காம அவ குரலைக் கேக்கோணும். அதுக்குத்தான் இத்தனை பாடும்."

ரஷீதா ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். கண்ணாடிகளை ஏற்றினாள்.

"இப்பப் போடுங்க."

விளக்குப் பாட்டு. அந்த அம்மாளே பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. பாதியில், கிலுகிலு.

"இதா! இதா!" கதவில் கை வைத்தார், டேஷ்போர்டில் வைத்தார். அடங்கவில்லை.

ரஷீதா பாட்டை நிறுத்தினாள். சத்தமும் நின்றது. மறுபடி போட்டாள். அதே இடத்தில் கிலுகிலு.

"வண்டி நிக்குது. இது வண்டிச் சத்தம் இல்லீங்ணா, பாட்டுக்குள்ள இருக்குது. வண்டி அடங்க அடங்க, அது நல்லாக் கேக்குது. எப்பப் பாடினாங்க?"

"ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பின அன்னைக்கு. தங்கச்சிக்கு அனுப்போணும்னு அவளே போன்ல பாடினா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வாசல்ல. நேரமாச்சு, கிளம்பு கிளம்புன்னு..."

"கையில என்ன இருந்துச்சு?"

தண்டபாணியின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. கொத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

கிலுகிலு.

ஐயோ என்றிருந்தது அவருக்கு. பாட்டை இன்னொரு தரம் போட்டார். சாவி குலுங்கிய பிறகு பாட்டு ஓட்டமெடுத்தது. ராகம் முடியாமலே அறுந்து நின்றது; கடைசி அடியை அவள் பாடவே இல்லை. பாட்டே அவ்வளவுதான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

ரஷீதா மெதுவாகக் கேட்டாள்.

"கம்ப்யூட்டர்ல அந்தச் சத்தத்தை மட்டும் எடுத்துரலாம்ணா. எடுக்கட்டுங்களா?"

வேண்டாமென்று தலையாட்டினார்.

கொத்தை உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டார். பாட்டை முதலிலிருந்து போட்டார்.

"அவசரமில்ல சௌந்தரம்," என்றார். "நீ பாடு."